தொண்ணூறாம் நாள்

84ஆம் நாள், ஞாயிறு

அப்பா கிளம்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். வந்து இறங்கிய நாளும் கணக்கில் சேரும், கிளம்பும் நாளும் சேரும். 2025 ஜூன் 16 திங்கட்கிழமை வந்தவருக்கு செப்டம்பர் 13 சனிக்கிழமையோடு தொண்ணூறு முடிகிறது. ஒரு நாள்கூட வீணாகக் கூடாது என்று நான் அந்தச் சனிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அப்பாவுக்கு இதில் ஏக எரிச்சல்.

"நடுராத்திரி தாண்டினா தொண்ணூத்தொண்ணு. ரெண்டேகால் மணி நேரம்தான் மார்ஜின். இப்படியா ஒருத்தி டைம்டேபிள் போடுவா?"

அவர் முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அந்த வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. ஜெர்மனியில், மைன்ஸ் நகரில் எங்கள் வீட்டில் ஒரே குளியலறை. வந்த இரண்டாம் வாரம், காலை ஏழு மணிக்கு மூன்று பேர் அந்தக் கதவை மாறி மாறித் தட்டுவதைப் பார்த்தார். "இது சிங்கிள் லைன். டோக்கன் இல்லாம ஓட்டினா மோதத்தான் செய்யும்" என்று சொல்லி, சமையலறையிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்துக் கம்பி வளையத்தில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டார். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உள்ளே போகலாம். அந்தக் காலத்து ஒற்றைப் பாதையில் இரும்புப் பந்து ஒன்றைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டாராம். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே இருக்க முடியும். ஏழு வயதுப் பேரனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப் போயிற்று. "லைன் கிளியர்!" என்று கத்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறான்.

சரி, இன்றைக்கு நாங்கள் போனது ரைன் பள்ளத்தாக்கு. மாத டிக்கெட் (2025இல் 58 யூரோ) அப்பாவுக்கும் எடுத்திருக்கிறோம். அதிவேக வண்டியில் ஏற முடியாது, ஆனால் நாட்டின் எந்த மூலைக்கும் சாதாரண வண்டியில் போகலாம். பாகராக் வரை ரயில், அங்கிருந்து படகில் சாங்க்ட் கோவார். ஆற்றின் இரு கரையிலும் கோட்டை, திராட்சைச் சரிவு, மறுபடி கோட்டை. பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரையுள்ள இந்தப் பகுதியை யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான் கோட்டைகளைக் காட்டிக்கொண்டே வந்தேன். அப்பா கரையில் நட்டிருந்த வெள்ளைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவை கிலோமீட்டர் பலகைகள். கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்தில் பூஜ்யம் என்று வைத்து, ஆறு போகிற திசையில் எண் ஏறிக்கொண்டே போகும். பாகராக் 543. காவுப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் கப்பல் மாதிரி நிற்கிற சுங்கக் கோட்டை 546. சின்னவன் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான், தாத்தா வாட்சைப் பார்த்துப் படகின் வேகத்தைச் சொன்னார். எண்கள் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ரைன் நதியின் நீளம் 1320 கிலோமீட்டர் என்றுதான் பல காலம் புத்தகங்களில் போட்டிருந்தார்கள். 2010இல்தான் ஒருவர் கணக்கைத் தோண்டி, 1230 என்பதை யாரோ எண் மாற்றி எழுதியிருக்க வேண்டும், எல்லோரும் அதைப் பார்த்தே எழுதிவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார். "ட்ரெயின் ரிஜிஸ்டர்ல இப்படி எழுதியிருந்தா சார்ஜ் ஷீட் குடுத்திருப்பான்" என்றார் அப்பா.

ஓபர்வேசல் தாண்டியதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். ஆறு அங்கே குறுகி, வளைந்து வளைந்து போகிறது. எதிரே வருகிற கப்பல் தெரியாது. அதனால் கரையில் விளக்குச் சிக்னல்கள் வைத்திருக்கிறார்கள். மேல்நோக்கி வருகிற கப்பலுக்கு, கீழ்நோக்கி ஏதாவது இறங்கி வருகிறதா, எந்தப் பகுதியில் வருகிறது என்று வெள்ளை விளக்குக் கோடுகள் சொல்லும். விளக்கு வருவதற்கு முன்னால் கொடியோடு ஆட்கள் நின்றிருக்கிறார்கள்.

"ஆத்துக்கே பிளாக் செக்‌ஷன் போட்டிருக்கான்!" என்று அப்பா என் தோளைத் தட்டினார். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் போகலாம் என்கிற பாதைத் துண்டுதான் பிளாக் செக்ஷன். மூன்று மாதத்தில் இந்த நாட்டின் மேல் அவருக்கு வந்த முதல் மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

லோரெலைப் பாறை 132 மீட்டர் உயரம். மேலே ஒரு பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டு பாடுவாளாம், அவளைப் பார்த்தபடி வருகிற படகுக்காரன் பாறையில் மோதிச் சாவானாம். கதையைச் சொல்லி முடித்தேன். "சிக்னலைப் பார்க்காம வேற எதையோ பார்த்திருக்கான். டிரைவர் மேலதான் தப்பு" என்று விசாரணையை முடித்துவிட்டார்.

சாங்க்ட் கோவாரில் மலைக்கோட்டைக்கு ஏறுவதாகத் திட்டம். அப்பா ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழவில்லை. எதிர்க்கரையில் சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. இங்கே ஒரு சரக்கு வண்டி 740 மீட்டர் வரை இருக்கலாம். பேரனும் அவரும் பெட்டிகளை எண்ணினார்கள். கடைசிப் பெட்டி வந்ததும் அப்பா கண்ணைச் சுருக்கினார். "அதோ எல்.வி. பார்த்தியா?"

எல்.வி. என்றால் லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி. நம் ஊர் ரயில்களின் கடைசிப் பெட்டியில் அந்தப் பலகை தொங்கும். நடுவில் எங்கேயாவது பெட்டி கழன்று பாதையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் எல்.வி.யைக் கண்ணால் பார்த்த பிறகுதான், வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று பின்னால் இருக்கிற ஸ்டேஷனுக்குச் சொல்வார். அதுவரை அந்தப் பாதையில் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கிடையாது. இங்கே பலகைக்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக முக்கோணம் போட்ட இரண்டு தட்டுகள். அதைக் கண்டுபிடித்த பிறகு தாத்தாவும் பேரனும் இன்னும் பதினொரு வண்டிக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் தனியாகப் போய்க் கோட்டை வாசலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். கொஞ்சம் கோபம்தான்.

85ஆம் நாள், திங்கள்

எனக்கு அலுவலகம். அப்பா காலி பாட்டில்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கடை இயந்திரத்துக்குப் போனார். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். பதினான்கு பாட்டில், மூன்றரை யூரோ. சில்லறையை என் மேசையில் வைத்துவிட்டு, "என் செலவுக்கு" என்றார்.

இந்தச் "செலவு" விவகாரம் மூன்று மாதமாக ஓடுகிறது. விசாவுக்காக, அவர் இங்கே இருக்கும்வரை அவருடைய செலவுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி எழுதிக் கொடுத்திருந்தேன். மருத்துவக் காப்பீடும் குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். என் படிப்புக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

86ஆம் நாள், செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டு கொலோன். சின்னவனுக்குப் பள்ளிக்கூடம், அதனால் நாங்கள் இருவர் மட்டும். சாதாரண வண்டியில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே ஆறு, அதே கரை. சுரங்கப்பாதை வாயில்களைக் கோட்டை மாதிரியே கட்டி வைத்திருப்பதை அப்பா இந்தத் தடவை கவனித்தார்.

கொலோன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தேவாலயம் தலைக்கு மேலே நிற்கிறது. உயரம் 157 மீட்டர். 1248இல் தொடங்கியது 1880இல்தான் முடிந்தது. நடுவில் பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்று, 1842 வரை அப்படியே கிடந்தது. பாதி கட்டிய கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கி மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருந்ததாம்.

"முந்நூறு வருஷத்துக்கு மெயின்டனன்ஸ் பிளாக்கா! எவன் சாங்ஷன் பண்ணான்?"

கோபுரத்துக்கு 533 படி. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உள்ளே இருபது நிமிடம் இருந்திருப்போம். வண்ணக் கண்ணாடிகளின் அடியில் அமைதியாக நின்றார். பிறகு, "அந்தப் பாலத்துக்குப் போலாமா?" என்றார்.

தேவாலயத்துக்குப் பின்னாலேயே ஹோஹென்சோலர்ன் பாலம். ஆறு தண்டவாளம், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் ரயில்கள். நடைபாதைக் கம்பி வேலி முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போட்டுவிடுகிறார்கள். அப்பா பூட்டுகளைப் பார்க்கவே இல்லை. பாலத்தைக் கடந்து எதிர்க்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம். எதிரே தேவாலயம், இடையில் ஆறு, தலைக்குப் பக்கத்தில் வண்டிகள். எப்போது பார்த்தாலும் பாலத்தில் குறைந்தது ஒரு வண்டியாவது இருந்தது.

முதல் அரை மணி நேரம் நான் போனில் அடுத்து எங்கே போகலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். சாக்லேட் மியூசியம், ரோமானியர் காலத்துப் பொருட்கள் இருக்கிற மியூசியம். அப்புறம் போனைப் பைக்குள் போட்டேன். அப்பா பேசிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பற்றி. அம்மா போய் இரண்டு வருடத்தில் அவராக அவளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

87ஆம் நாள், புதன்

ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வியாழக்கிழமை போகலாம் என்று வைத்திருந்தேன். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்கும். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அடுத்த தடவை. எதையாவது பாக்கி வெச்சாத்தான் திரும்பி வர முடியும்." அடுத்த தடவை என்றால், சட்டப்படி குறைந்தது தொண்ணூறு நாள் வெளியே இருந்துவிட்டுத்தான் முழுசாக இன்னொரு தொண்ணூறு கிடைக்கும்.

சாயங்காலம் அவரோடு மைன்ஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாக இது அவருடைய தினசரி டியூட்டி. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. தொலைதூர வண்டிகளின் நேரம், வந்த நேரம், வித்தியாசம். 2024இல் ஜெர்மனியின் தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் சரியான நேரத்துக்கு வந்தன என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது தாமதமே இல்லை. ரத்தான வண்டி இந்தக் கணக்கிலேயே வராது. இதை நான் சொன்னபோது அப்பா நோட்டை மூடிவிட்டார்.

"வராத வண்டி லேட்டே கிடையாதா? நல்லாயிருக்கே நியாயம்!"

இந்த ஸ்டேஷனுக்கே ஒரு கதை உண்டு. 2013 ஆகஸ்டில் இங்கே சிக்னல் அறையில் வேலை பார்க்க ஆள் போதவில்லை. சிலர் விடுமுறை, சிலர் உடம்பு சரியில்லை. தொலைதூர வண்டிகள் பல வாரக்கணக்கில் மைன்ஸுக்கு வராமலே சுற்றிப் போயின. நாடே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் லீவு எடுத்தா என்ன ஆகும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு. நீ பொறந்த அன்னிக்கு எனக்கு ரிலீவர் வரலை. மூணாம் நாள்தான் உன்னைப் பார்த்தேன்."

இது எனக்குத் தெரிந்த கதைதான். அம்மா சொல்லும்போது அதில் புகார் இருக்கும். அப்பா ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அந்த வேகத்தில் நான் என் புகாரை எடுத்து வைத்தேன். 2024 மார்ச் 1 முதல் சட்டம் மாறியிருக்கிறது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முதல் முறையாக அனுமதி வாங்கிய திறன்மிகு பணியாளர்கள், செலவுக்கும் காப்பீட்டுக்கும் வழி இருந்தால், பெற்றோரையும் நிரந்தரமாக அழைத்து வரலாம். நான் வந்தது 2016. எட்டு வருடம் வரி கட்டியவளுக்கு இல்லை, நேற்று வந்தவருக்கு உண்டு. நான் மூச்சு விடாமல் பேசி முடிக்கும்வரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"சட்டம் விட்டா நான் இங்கேயே இருந்துடுவேன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

நான் அதை அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இரண்டாவது பிளாட்பாரத்தில் கோப்லென்ஸ் வண்டி வந்தது. நான்கு நிமிடம் தாமதம். எழுதிக்கொண்டார்.

88ஆம் நாள், வியாழன்

பெட்டி கட்டினோம். கைத்தராசில் தொங்கவிட்டு, எடுத்து, மாற்றி வைத்து, மறுபடி தொங்கவிட்டு. 23 கிலோவுக்கு இருபது கிராம் குறைவாக நிறுத்தினார் என் கணவர். "மாப்பிள்ளை கூட்ஸ் கிளார்க்கா இருந்திருக்கலாம்" என்பது அப்பாவின் பாராட்டு.

ராத்திரி பார்த்தால் ஆணியில் டோக்கனைக் காணோம். குளியலறையில் இல்லை, சமையலறையில் இல்லை. சின்னவன் தூங்கிவிட்டான், அல்லது தூங்குவது போலக் கிடந்தான்.

89ஆம் நாள், வெள்ளி

மழை. யாரும் எங்கும் போகவில்லை. கரண்டி கிடைக்கவில்லை.

90ஆம் நாள், சனி

இரவு ஒன்பதே முக்கால் விமானத்துக்கு மதியம் இரண்டு மணிக்கே கிளம்பச் சொல்லிவிட்டார். விமான நிலையத்துக்கு எங்கள் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம்தான். நான் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை இழுத்தேன். பிளாட்பாரத்தில் ஏறியதும் பலகையில் முதல் வண்டி ரத்து. அடுத்ததும் ரத்து. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டை எடுத்து இரண்டையும் எழுதினார், பக்கத்தில் "கணக்கில் வராது" என்று குறித்தார், எனக்குத் தெரிகிற மாதிரி.

மூன்றாவது வண்டி வந்தது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டு முடித்த பிறகும் கையில் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. மாத்திரை, சார்ஜர், துபாயில் மாறும்போது எந்தப் பக்கம் போக வேண்டும், இதேதான் திரும்பத் திரும்ப.

போர்டிங் பாஸைக் காட்டி உள்ளே போகிற வழியின் முன்னால் நின்றோம். சின்னவன் காலையிலிருந்து பேசவில்லை. அப்பா குனிந்து அவனிடம் கேட்டார்.

"எங்கடா டோக்கன்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"டோக்கன் இல்லாம டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார், இல்லையா தாத்தா?"

மூன்று நாள் தேடிய கரண்டி எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவனைச் சமாதானப்படுத்தவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. ஒரு சக ஊழியரிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"சரியாச் சொன்னே. எடுக்கக் கூடாது. ஆனா டோக்கன் மெஷின் ரிப்பேர் ஆனா? வண்டி அங்கேயே நிக்குமா? அதுக்கு வேற ஒண்ணு இருக்கு. பேப்பர் லைன் கிளியர். ரெண்டு ஸ்டேஷனும் பேசி ஒத்துக்கிட்டா, பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அதுவும் செல்லும்."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். முழங்காலில் வைத்து எழுதினார். புறப்படும் ஸ்டேஷன் மைன்ஸ். சேரும் ஸ்டேஷன் சென்னை. வண்டி, தாத்தா. காரணம், டோக்கன் பழுது. கீழே கோடு போட்டு, "இந்த ஸ்டேஷன் மாஸ்டர் நீதான். பாதையில வேற வண்டி இல்லைன்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் போடு" என்று பேனாவை நீட்டினார்.

பின்னால் வரிசை நீண்டது. ஒரு அம்மாள் தள்ளுவண்டியோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். சின்னவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான், நிஜமாகவே வண்டி வருகிறதா என்று பார்ப்பது போல. பிறகு பள்ளிக்கூடத்தில் பழகிய கூட்டெழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினான்.

அப்பா தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். என் கணவரின் கையைப் பிடித்தார். என் தலையில் கை வைத்து, "சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டுத்தான் இருந்தேன். உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஓடும் வண்டியில் போகிறவர்தான் திரும்பிப் பார்ப்பார், பிளாட்பாரத்தில் நிற்கிறவரின் வேலை நேரே பார்த்து நிற்பது என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இடம் மாறியிருந்தது, பழக்கம் மாறவில்லை.

ஏழு மணிக்கு முன்னால் ஒரு படம் அனுப்பினார். பாஸ்போர்ட்டில் புதிய முத்திரை. கட்டத்திலிருந்து வெளியே போகிற அம்புக்குறி, ஒரு சின்ன விமானம், இன்றைய தேதி. அடியில் எழுதியிருந்தார்: "ஸ்டார்ட்டர் சிக்னல் தாண்டியாச்சு. 18.52. மார்ஜின் 5 மணி 8 நிமிடம்."

மறுநாள், ஞாயிறு

மதியம் செய்தி வந்தது. "வண்டி முழுசா வந்து சேர்ந்தது. எல்.வி. பார்த்தாச்சு. லைன் கிளியர்." சின்னவனுக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

சாயங்காலம் குளிக்கப் போகும்போது பார்த்தேன். கரண்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.